அவீவாவின் மூன்று வசனங்கள்

…உதட்டை மட்டும் அசைத்தால் போதுமாம், எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள் அந்தத் தாய், கோப்பிக்குச் சீனி வேண்டாம் என்று சொல்கிற மாதிரி, கோயில் பாடகர் பின்னால் நின்று மெல்லிய குரலில் வேதம் வாசிப்பாராம், பிள்ளை முன்னால் நின்று வாயை அசைத்தால் சரியாம், மொன்றியோலிலிருந்து வருகிற தாத்தாவுக்குக் காதும் அவ்வளவாகக் கேளாதாம்… சீ. பிரதீபாவின் வாயில் வந்த சொல் மாஸ்க்குக்குள் முட்டிக்கொண்டு நின்றது. எட்டு மாதம். எட்டு மாதமாகப் புதனும் ஞாயிறும் மல்வேர்னிலிருந்து மூன்று பஸ் மாறி, வாரமெல்லாம் பள்ளிக்கூடத்தில் மற்றவர்களின் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்த களைப்போடு பாதர்ஸ்ட் வீதியிலிருக்கிற இந்த யூதக் கோயிலுக்கு வந்து அவீவாவுக்கு வாசிக்கப் பழக்கியது இதற்குத்தானா? வாய் அசைக்கப் பழக்க வேண்டுமென்றால் ஒரு பொம்மை வாங்கியிருக்கலாமே, கயிற்றை இழுத்தால் அதுவும் வாய் அசைக்கும். தாயின் பெயர் டெப்ரா, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கையில் பாதி குடித்த கோப்பி, யார் என்ன சொன்னாலும் ‘அற்புதம், அற்புதம்’ என்பாள், இப்போதும் மேடைக்குக் கீழே நின்று பாடகரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், தன் பிள்ளையின் தலைக்கு மேலாக, பிள்ளை அங்கே நிற்கவேயில்லை என்பதுபோல.

அவீவாவுக்கு இந்த மாதம் பதின்மூன்று வயது. எழுத்து அவளுக்கு நிற்காது, ஆங்கில எழுத்தே திரும்பிப் படுத்துவிடும், ஹீப்ரு வலமிருந்து இடம், கேட்க வேண்டுமா… மூளை விருத்தித் தாமதம், வாசிப்புக் குறைபாடு, கவனக் குறைபாடு என்று உளவியலாளர்களின் அறிக்கைகள் மட்டும் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. ஆனாலும் சனிக்கிழமை அவள் இந்த மேடையில் ஏறி வேதம் எழுதிய தோல்சுருளிலிருந்து மூன்று வசனம் வாசிக்க வேண்டும், வாசித்தால்தான் வளர்ந்த ஆள் என்று சபை கணக்கெடுக்கும். வேறு பிள்ளைகளுக்கு நீண்ட பகுதி, இவளுக்கு ஆகக் குறைந்த மூன்று. அந்த மூன்றும் வாய்த்ததைப் பார், தோலில் புண் வந்தவனைக் கோயில் குருவிடம் கூட்டிக்கொண்டு போவதும், குரு அந்தப் புண்ணை உற்றுப்பார்ப்பதும், மயிர் வெளுத்துப் புண் தோலைவிட ஆழமாய்த் தெரிந்தால் ‘இவன் அசுத்தன்’ என்று சொல்வதும்… முதல் நாள் அர்த்தம் கேட்டபோது பிரதீபாவுக்கு முகம் கோணிவிட்டது, ஒரு சின்னப்பிள்ளையின் வாயில் வைக்கிற சொல்லா இது? அவீவாதான் விழுந்து விழுந்து சிரித்தாள், ‘யக், சீழ், யக்’ என்று. யோசித்துப் பார்த்தால் அந்தக் கோப்பு முழுக்க அதே கதைதான், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது, ஒருவர் உற்றுப்பார்ப்பது, ஒரு சொல் சொல்லி அனுப்புவது. பிரதீபாவுக்குத் தான் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீடும் நினைவுக்கு வந்தது, மார்க்கம் வீதியில் ஹோல், பல்லக்கு, புகை, நாலு சாரி மாற்றல், முந்நூறு பேருக்கு முன்னால் அவளை ஒரு வரி பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கமரா பார்த்துச் சிரி என்றார்கள், அவ்வளவுதான். இவர்களாவது பிள்ளையை வாசிக்கச் சொல்கிறார்களே என்று பொறாமையாகக்கூட இருந்ததே, அதனால்தானே இந்த வேலைக்கே ஓமென்றாள்… கடைசியில் இவர்களும் கமராவுக்குத்தான் வந்து நிற்கிறார்கள்.

இன்றைக்கு ஒத்திகையில் என்ன நடந்தது என்பதுதான் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைவரை மூன்று வசனத்தையும் மணிமணியாகச் சொன்ன பிள்ளை. மட்டையில் ஓட்டை வெட்டி ஒரு நேரத்துக்கு ஒரு சொல் மட்டும் தெரிய வைத்தது, சொல்லுக்கொரு நிறம் பூசியது, மேசையில் உப்புக் கொட்டி விரலால் எழுத வைத்தது, எல்லாம் பிரதீபாவின் மூளை, பாடகரே வந்து பார்த்துக் கைகொடுத்தார். பிரதீபாவுக்கு ஹீப்ரு தெரியாது, ஆனால் பாடகர் பிள்ளைக்குப் பதிந்து கொடுத்த குரலைத் தானும் பஸ்ஸிலும் குசினியிலும் கேட்டுக் கேட்டு அந்த மூன்று வசனமும் அவளுக்கே மனப்பாடம், சோறு வடிக்கும்போது வாய் தன்பாட்டில் முணுமுணுக்கும், புருஷன் ஜனார்த்தன் ‘மதம் மாறப் போறீரோ’ என்று பகிடி பண்ணுவான். அப்படியிருக்க இன்றைக்குப் பிள்ளை மேடையில் ஏறி, வரி காட்டுகிற வெள்ளிக்கோலை எடுத்து, அதன் நுனியில் செதுக்கிய குட்டி விரலைத் தோலில் படாமல் முதல் சொல்லுக்கு மேல் பிடித்து… ஒன்றும் வரவில்லை. வாய் திறந்தது, மூடியது. பிள்ளை நிமிர்ந்து பிரதீபாவைப் பார்த்தது, குனிந்தது, மறுபடி நிமிர்ந்தது. எப்போதும் அப்படித்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருக்கால் நிமிர்ந்து பார்க்கும், அதென்னவோ அந்தப் பார்வைக்காகவே மூன்று பஸ் ஏறலாம், ‘அவளுக்கு என்னில நல்ல பட்சம்’ என்று ஜனார்த்தனிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாள். இன்றைக்கு அந்தப் பார்வை மாஸ்க்கில் முட்டித் திரும்பிப் போனது, இருமல் விடாததால்தானே மாஸ்க், பிள்ளைக்குத் தொற்றிவிட்டால் சனிக்கிழமை கெட்டுவிடும் என்றுதானே. அவீவா பத்து நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு டெப்ரா எழும்பி ‘இட்ஸ் ஓகே, அற்புதம்’ என்றாள், அந்த உதட்டுத் திட்டம் வந்தது.

“என்ன தங்கச்சி, இண்டைக்குப் பிள்ளை தடக்குப்பட்டுப் போச்சு,” என்று பக்கத்தில் வந்து நின்றார் றெமிஜியஸ் அண்ணை. இந்தக் கட்டடத்தைப் பராமரிக்கிறவர், குருநகர்க் கத்தோலிக்கர், இருபது வருடமாக இங்கே கதிரை அடுக்கி அடுக்கி இவர்களுடைய பெருநாள் எல்லாம் மனப்பாடம். வாசிப்பவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் புத்தகத்தோடு நிற்பார்கள், ஒரு சொல் பிழைத்தாலும் எல்லாருக்கும் கேட்கத் திருத்துவார்கள், அது இங்கே மரியாதைக் குறைவில்லை, வழமை என்று அவளுக்குச் சொன்னவரும் அவர்தான்.

“விளங்கேல்லை அண்ணை. முழுக்கப் பாடமெல்லோ அவளுக்கு.”

“பின்னை நீங்கள் வாயை மூடிக் கட்டிக்கொண்டு இருந்தா அவ எப்பிடி வாசிக்கிறது? உங்கட வாயைப் பாத்துத்தானே பிள்ளை வாசிக்கிறவ.” அவர் கதிரை ஒன்றை நேராக்கினார். “உது நீங்கள் படிப்பிக்கிற முறை எண்டெல்லோ நான் நினைச்சன்.”

என்ன சொல்கிறார் இந்த மனுஷன்… என் வாயையா, நான் எப்போது வாய் அசைத்தேன், நான் எதிரே சும்மாதான் இருப்பேன், சும்மா இருந்து, அவள் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று மனதுக்குள்… மனதுக்குள்ளா? சோறு வடிக்கும்போது தன்பாட்டில் அசைகிற வாய் இங்கே மட்டும் மரியாதையாக மூடியா இருந்திருக்கும்? அப்படியென்றால் மட்டை, நிறம், உப்பு, எல்லாம்? பிள்ளை ஒரு எழுத்தையும் பார்க்கவில்லையா? அவள் நிமிர்ந்தது அன்பில், பட்சத்தில் இல்லையா? பிரதீபா மாஸ்க்கை இழுத்து மோவாய்க்குக் கீழே விட்டாள். “அவீவா, இன்னொருக்கால், எனக்காக,” என்றாள். பிள்ளை மேடையில் நிமிர்ந்து பார்த்தாள், கோலை எடுத்தாள், தொடங்கினாள், முதல் வசனம், இரண்டாவது, அந்த ஏற்ற இறக்கம் எல்லாம் பிசகாமல் மண்டபம் முழுக்கக் கேட்டது. பிரதீபா தன் மேலுதடு நகர்வதை இப்போது உணர்ந்தாள், தன்னுடையதில்லாத ஒரு பூச்சி முகத்தில் ஊர்வதுபோல இருந்தது. மூன்றாவது வசனத்தின் நடுவில், புண்ணைக் குரு பார்க்கிற இடத்தில், பல்லைக் கடித்து வாயை மூடினாள். குரல் அங்கேயே அறுந்தது. திறந்தாள், அடுத்த சொல் வந்தது. மூடினாள், நின்றது. மூன்றாம் தரம் பரிசோதிக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது, வாயைத் திறந்து முடிவுவரை கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

டெப்ரா அழுதாள். உண்மையாகவே அழுதாள், கண்மை கரைந்து, கோப்பியைக் கீழே வைக்கவும் மறந்து, ‘என் பிள்ளைக்கு முடியும், பார்த்தீர்களா, நடுவில் கொஞ்சம் பயந்துவிட்டாள், அவ்வளவுதான்’ என்று பாடகரின் தோளைப் பிடித்துக்கொண்டு. உதட்டுத் திட்டம் வேண்டாம், பாடகர் பின்னால் நிற்க வேண்டாம், பிள்ளை தானே வாசிப்பாள். பிறகு நேரே வந்து பிரதீபாவைக் கட்டிப்பிடித்தாள், இருமல் என்று சொல்லியும் விடவில்லை, அந்தக் கம்பளி கழுத்தில் அறுத்தது. இப்போது சொல்ல வேண்டும். இல்லை டெப்ரா, இவள் வாசிக்கவில்லை, எட்டு மாதமாக என் வாய்க்குப் பின்னால் வந்திருக்கிறாள், நீங்கள் கேட்ட பித்தலாட்டத்தை நான் எப்போதோ செய்து முடித்துவிட்டேன், அதுவும் சம்பளத்துக்கு… சொன்னால் என்ன நடக்கும்? பிள்ளை சனிக்கிழமை பொம்மையாக நிற்பாள். சொல்லாவிட்டால்? பிரதீபா முன்வரிசையில் இருந்து மூன்று வசனத்துக்கும் வாய் அசைப்பாள், பிள்ளை வளர்ந்த ஆள் ஆவாள், எல்லாரும் வாழ்த்தி மிட்டாய் எறிவார்கள். யாருடைய உதடு அசைகிறது என்பதில்தானே வித்தியாசம். சற்று முன் அந்தத் தாயை நினைத்து வந்த ‘சீ’ இன்னும் அப்படியே நாக்கில் நின்றது, வெளியே துப்ப ஆள்தான் இல்லை. “சனிக்கிழமை முன்வரிசையில் எங்கள் குடும்பத்தோடு இருங்கள்,” என்றாள் டெப்ரா. பிரதீபா ஓமென்று சொல்லிவிட்டாள், சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

அவீவா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். சப்பாத்து லேஸ் அவிழ்ந்து இழுபட்டது. “மிஸ், அந்தத் தூணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம், ஓகே? அங்கே இருந்தால் உங்கள் வாய் எனக்குத் தெரியாது,” என்றாள், கதிரையைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்வதுபோல, குரலில் ஒரு துளி கள்ளம் இல்லை. இவளுக்கு முதல் நாளே தெரியுமா? நான் வேண்டுமென்றுதான் சொல்லிக்கொடுத்தேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாளா, இதற்குப் பெயர்தான் வாசிப்பு என்று? பிரதீபா குனிந்து லேஸைக் கட்டினாள், நிமிர நேரம் எடுத்தாள், நிமிர்ந்தபோது பிள்ளை அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். “மிஸ், ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் யக்கா?” என்று கேட்டாள். “சீ, இல்லை, நீ நல்லாய்ச் செய்தாய்,” என்றாள் பிரதீபா, சிரித்தும் காட்டினாள். அவீவா அந்தச் சொற்களுக்குக் காதே கொடுக்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தாள், கண், மூக்கு, உதட்டோரம் என்று மெதுவாக, ஒவ்வொன்றாக, எட்டு மாதத்தில் அவள் பிழையில்லாமல் வாசிக்கக் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.