ரவூப் வீட்டுக் கடல்

பெற்ற மகளே தன்னை ‘அவங்க’ என்று சொல்வது, பஹ்ரைனிலிருந்து ஊர் திரும்பிய அப்துல் ரவூப்புக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ராபியா கைக்குழந்தையாக இருந்தபோது விமானம் ஏறியவன், அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் பழவேற்காட்டில் வந்து இறங்கினான். அதுவரை அவளும் அவள் உம்மா சுராயாவும் சுராயாவின் அண்ணன் ஷுக்கூர் வீட்டில் இருந்தார்கள். குழந்தைக்கு எல்லாமே ஷுக்கூர் மாமாதான். “உம்மா, அவங்க டீ கேக்குறாங்க” என்று கதவுக்குப் பின்னாலிருந்து தகவல் சொல்வாள், கிட்டே வரமாட்டாள். சாக்லேட் கொடுத்தால் வாங்கிக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடுவாள். யாரைக் குறை சொல்வது? இத்தனை வருஷம் கடிதத்தில் மட்டும் வாப்பாவாக இருந்தவனுக்கு அவ்வளவுதான் மரியாதை.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை உதித்தது. பஹ்ரைனில் அவன் கார் ஓட்டிய வீட்டின் கூடத்தில், கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு துண்டுக் கடலையே வைத்திருந்தார்கள். உயிருள்ள பவளம், ஊடே மீன்கள், மேலே சூரியனைப் போல ஒரு விளக்கு. அந்த வீட்டுப் பிள்ளைகள் சாப்பாட்டையும் மறந்து அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும். நம் பிள்ளை மட்டும் உட்காராதா என்ன? ‘அந்தத் தொட்டிக்கு நான்தான் மேனேஜர்’ என்று கடிதத்தில் வேறு அளந்துவிட்டிருந்தான். உண்மையில் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். அவரைக் காரில் ஏற்றி இறக்கியதுதான் ரவூப் பார்த்த மேனேஜர் வேலை.

அந்த மனிதர் வழிநெடுகச் சொன்னதெல்லாம் ரவூப்புக்கு நன்றாகவே நினைவிருந்தது. புதிதாகத் தொடங்குகிறவன், தோல் மாதிரி மெத்தென்று இருக்கும் பவளத்தைத்தான் வைக்க வேண்டும். அது சாதாரண டியூப் லைட்டிலேயே பிழைத்துக்கொள்ளும். மான்கொம்பு மாதிரி கிளைவிடுகிற கல்பவளம் வேண்டுமென்றால் அந்தச் சூரிய விளக்கு வேண்டும், கைப்பழக்கம் வேண்டும், தண்ணீரில் உப்பு இம்மியும் பிசகக் கூடாது.

இவ்வளவும் தெரிந்த மேதாவி, தெற்கே மண்டபம் கடற்கரைக்கு ரயிலேறிப் போய் என்ன செய்தான்? கடலில் முங்கிப் பவளம் எடுப்பவர் இரண்டையும் காட்டினார். தோல் பவளம் நமுத்த அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தது. இதைக் காட்டியா மகளை மயக்குவது? மான்கொம்போ பொன்னிறத்தில் கிளை விரித்து, நுனியில் நீலம் தட்டி நின்றது. கைப்பழக்கமெல்லாம் போகப் போக வந்துவிடும் என்று அதையே வாங்கினான், கூடவே நாலைந்து சின்ன மீன்களும். திரும்பி வரும்போது பொன்னேரி பஸ்ஸில் கண்டக்டர் தண்ணீர் கேனுக்கு லக்கேஜ் போட்டார். “உள்ள உசுரு இருக்கு, பாத்து” என்று இவன் சொன்னதும் அரை டிக்கெட்டும் கிழிக்கப் பார்த்தார்.

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்தாயிற்று. அடுத்தது விளக்கு. குண்டு பல்பு தண்ணீரைச் சூடாக்கிவிடும். சூரிய விளக்கு பழவேற்காட்டில் ஏது? கல்யாண வீடுகளுக்கு விளக்கு கட்டுபவரிடம் டியூப் லைட்டுகளைப் பட்டியோடு வாடகைக்கு எடுத்துவந்து தொட்டிக்கு மேலே வரிசையாகக் கட்டினான். பொழுது சாய்ந்தால் வோல்டேஜ் விழுந்துவிடும். அத்தனையும் கண்ணடிக்குமே தவிர எரியாது. ஒளி போதவில்லை என்று அடுப்படியில் இருந்த ஒரே டியூப் லைட்டையும் கழற்றிவந்தான். சுராயா அன்று குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு, இருட்டில் தெரியவில்லை என்றாள்.

தண்ணீருக்கு உதவ, மீன்பிடிக்கப் போகும் பக்கத்துத் தெரு தருமன் வந்தார். “இன்னா பாய், நான் தெனம் முகத்துவாரம் தாண்டித்தானே போறேன். கடல் தண்ணியா ரெண்டு கேன் மொண்டாந்து தரட்டா?”

“நம்ம ஏரித் தண்ணியில இல்லாத உப்பா? அதெல்லாம் வேணாம்” என்றான் ரவூப்.

ஏரிக்கரைக்காரனின் திமிர். அப்போது வெயில் காலம், கடலோடு சேர்ந்த ஏரி கடலுக்குக் குறையாமல் கரித்ததால் திமிரும் பலித்தது. பவளம் நின்றது. ராபியாவும் கதவை விட்டு வெளியே வந்தாள். தொட்டிக்கு முன்னால், ரவூப்பிடமிருந்து கைநீட்டினால் எட்டாத தூரத்தில் உட்கார்ந்தாள். “உம்மா, அதுக்கு வாய் கீதானு அவங்களக் கேளு” என்பாள். “இருக்குனு சொல்லு” என்பான் ரவூப். நடுவில் சுராயா இரண்டு பேரையும் முறைத்துவிட்டுப் போவாள்.

பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தண்ணீரை மாற்றும் நாள் வந்ததும் ரவூப் வழக்கம்போல ஏரியில் மொண்டுவந்து ஊற்றினான். மழை விழுந்தால் ஏரி சப்பென்று ஆகிவிடும் என்பது பழவேற்காட்டில் இறாலுக்குக்கூடத் தெரியும். ரவூப்புக்கும் தெரியும். தன் வீட்டுத் தொட்டியில் இருப்பதும் அதே ஏரிதான் என்பதுதான் அவனுக்குத் தோன்றவில்லை. பவளம் கோழை கக்கியது, சதை நழுவியது, வெள்ளை வெளேரென்று எலும்பாக நின்றது. மீன்கள் மிதந்தன. தூக்கி எறிய மனம் வராமல் அவன் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். இனி எதைக் காட்டி அவளை அழைப்பது என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஷுக்கூர் குடும்பத்தோடு வந்தார், ராபியாவின் கையைப் பிடித்தபடி. தொட்டியைக் குனிந்து பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இன்னா மாப்ளே, சுண்ணாம்புல செஞ்சு வெச்சுக்கிறியா? பஹ்ரைன்லயும் இப்டித்தான் மேனேஜர் வேலை பாத்தியா?”

வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கடிதம் கடிதமாக அளந்த ரவூப் அன்று தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

ராபியா மாமாவின் கையை உதறினாள்.

“சிரிக்காதீங்க மாமா. அது சாவல. நண்டு ஓடு உரிக்குதில்ல, அது மாரி உரிச்சுக்கினு கீது. உரிச்சதும் இன்னும் பெருசா ஆவும்.”

“அடேயப்பா! யாரு சொன்னா ஒனக்கு?”

“எங்க வாப்பா சொன்னாங்க” என்று வந்து ரவூப்பின் லுங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் அப்படி ஒன்றும் சொன்னதே இல்லை. முழுப் பொய். பிள்ளை பொய் சொன்னால் வாப்பா கண்டிக்க வேண்டும்தான். ஆனால் அவன் வாப்பாவாகி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையே, கண்டிப்பதெல்லாம் மெல்லப் பழகிக்கொள்ளலாம் என்று ரவூப் மூக்கை உறிஞ்சியபடி மச்சானைப் பார்த்து, “ஆமா மச்சான், உரிச்சுக்கினுதான் கீது” என்றான்.