மாலை போட்டுச் சிறைவைத்தார்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவரை ஓரங்கட்ட வேண்டுமென்றால் மாலை போட்டு மேடையில் ஏற்றிவிடுவார்கள். முப்பத்தாறு வருடம் தபால் சுமந்து ஓய்வுபெற்ற என்னையும் சித்திரை விளையாட்டு விழாவில் அப்படித்தான் ஏற்றினார்கள். பக்கத்தில் பிரேமினி. பன்னிரண்டு வயது. நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். வாய் இருக்கிறதே, ராகலை பஸ்ஸின் ஹாரன் தோற்றுவிடும்.

அவள் வந்தது எல்லே விளையாட; மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற ஆட்டம். ஒரு மாதமாக லயத்து வீட்டு வாசலில் விறகுக் கட்டையால் பந்தடித்துப் பழகியிருந்தாள். மைதானத்தில் அவளைக் கண்டதும் விழாத் தலைவர் பழனியாண்டி உருகிவிட்டார்.

"ஐயோ, புள்ளைய வெயில்ல விடலாமா?"

நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். அந்த மேடை பிதுருதலாகலை மலையைவிட அரை அடிதான் குள்ளம்.

கீழே ஆட்டம் தொடங்கியது. மேலே பழனியாண்டி தொடங்கினார். அவர் பேசி முடிப்பதற்குள் இரண்டு பருவமழை வந்து போயின. என் தாடி முழங்காலைத் தொட்டது.

"மாமா, என்னைய எறக்கிவிடச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன் புள்ள. நீ விருந்தாளியாம்."

"நா ஆட்டக்காரி." நாற்காலியை நாலு விரல் தூரம் முன்னே உருட்டினாள், பின்னே உருட்டினாள். அதற்குமேல் பலகை இல்லை. "இன்னும் மூணு பேருதான் அடிக்க இருக்காங்க."

உடனே செத்துவிடுவதென்று முடிவெடுத்தேன். நெஞ்சைப் பிடித்தேன், மேசையோடு சாய்ந்தேன்.

"மத்தியாஸ் ஐயா போய்ட்டாரு!" என்று என்னைப் பார்த்து யாரோ அலறினார்கள்.

அடுத்து நடந்ததுதான் அநியாயம். பிரேமினியைப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றிவிட்டு, அவளுடைய சக்கர நாற்காலியில் என்னை வைத்து இறக்கினார்கள்! மேலே அவளுக்கு இப்போது சக்கரமும் இல்லை. அவள் பார்த்த பார்வையில் நான் நிஜமாகவே செத்திருக்க வேண்டும்.

துள்ளி எழுந்தேன். "எனக்கு ஒண்ணுமில்ல! அந்தப் புள்ளைய எறக்குங்க. இல்லாட்டி மறுபடியும் சாவேன்!"

பயந்துபோய் இறக்கினார்கள்.

கடைசி ஆளாக அவள். அவள் அடித்தால் அவளுக்காக ஓட, அவள் அணிப் பையன் வினோஜன் நின்றான். முதல் பந்து தவறியது. கூட்டம் கைதட்டியது.

"தவறுனதுக்கு எதுக்குத் தட்டுறீங்க?"

தட்டிய கைகளெல்லாம் பைக்குள் போயின. அடுத்த பந்தை அடித்தாள். அது மேகத்துக்குள் போய், நனைந்து திரும்பி, எதிரணி சுதர்ஷினியின் கைக்குள் விழுந்தது.

"பாவம், இன்னொரு தடவ குடுங்கப்பா," என்றார் பழனியாண்டி.

"புடிச்சா அவுட்டுதான் தலைவரே." பிரேமினி மட்டையை வீசிவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினாள். "இப்ப நாங்க பந்து புடிக்கணும். கொஞ்சம் நகருங்க."