லெவல் இறங்கிய சாயந்திரம்

அந்த ஆன்லைன் விளையாட்டில் லெவல் ஏற எத்தனையோ வழிகள் உண்டு. எனக்கும் தங்கைக்கும் பிடித்தது மீன் பிடிப்பதுதான். ஏரிக்கரையில் எங்கள் கேரக்டர் இரண்டையும் அடுத்தடுத்து உட்கார வைத்து, தூண்டிலைப் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம். மீனுக்கும் கொஞ்சம் புள்ளி உண்டு. அது அலுத்தால் விடுதி சமையல்காரனுக்குக் காளான் பறித்துக் கொடுப்போம், காணாமல் போன ஆட்டைத் தேடிப்போவோம். குதிரை இருந்தும் நடந்தே போவோம், வழியில் வம்பளக்கலாம் அல்லவா. கத்தியை உருவுவதே அபூர்வம். நத்தை வேகம்தான், ஆனாலும் ஜோடியாக ஏறிக்கொண்டுதான் இருந்தோம்.

தங்கை கல்யாணமாகி வேறு நாட்டில் இருக்கிறாள். ஃபோனில் கூப்பிட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுவாள். தோண்டிக் கேட்டால் சண்டை வரும். தூண்டில் தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் அவளுக்கு வாய் திறக்கும். ஒரு நாள் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது, "நாளைக்கு உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்கா" என்றாள். குரல் சரியில்லை. அதன்பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நிற்கும் எதையும் பார்க்கப் பொறுக்காது அவருக்கு. நான் மாதக்கணக்கில் ஒரே லெவலில் நிற்பதைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். தங்கை பேசுகிறேன் என்ற அந்த மறுநாள் அவருக்கு விடுமுறை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த பொழுதெல்லாம், மனிதர் என் கேரக்டரை எடுத்துக்கொண்டு போய்க் குகை வாசலில் காட்டுப்பன்றிகளை வெட்டித் தள்ளியிருக்கிறார். சாயந்திரம் நான் செருப்பைக் கழற்றும் முன்பே இழுத்துப்போய்த் திரையைக் காட்டினார். பதினொரு லெவல் ஏற்றிவிட்டாராம். முகமெல்லாம் பல். மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை.

அந்த விளையாட்டில் ஐந்து லெவலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரே குழுவில் சேர முடியாது. குழுவில் சேராவிட்டால் குரல் கேட்காது, எழுதித்தான் பேச வேண்டும்.

தங்கை வந்தாள். என்னைக் குழுவுக்கு அழைத்தாள், விளையாட்டு மறுத்துவிட்டது. மறுபடி அழைத்தாள். நான் ஃபோனை எடுத்து நடந்ததைச் சொல்லி, இப்படியே பேசேன் என்று கெஞ்சினேன். "ஒண்ணுமில்லக்கா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டாள். அந்த இன்னொரு நாள் வராது என்று எனக்குத் தெரியும்.

ஆத்திரம் முழுவதும் வீட்டுக்காரர் மேல் திரும்பியது. "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன். சிரிப்பு போன இடம் தெரியவில்லை அவருக்கு. தலையைச் சொறிந்தபடி நின்றவர், செத்தால் லெவல் இறங்குமே என்றார்.

கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குகை வாசலுக்குப் போனேன். பகலெல்லாம் வாங்கியதைப் பன்றிகள் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தன. செத்தேன், எழுந்தேன், மறுபடி போய் நின்றேன். தங்கை வந்து தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பன்றி என்னை முட்டித் தூக்கிப் புதருக்குள் எறிந்தபோதுதான் திரையில் எழுத்து வந்தது. "பாவம்கா அந்தப் பன்னி. மாமா மேல இருக்கற கோவத்த உன்கிட்ட காட்டுது."

ஏறுவதைவிட இறங்குவது வேகம். ஒருவழியாக விளையாட்டு எங்களைச் சேர்த்துக்கொண்டது. ஸ்பீக்கரில் முதலில் கேட்டது அவள் சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தாள். எந்த இடத்தில் அது அழுகையானது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஏரிக்குப் போகவில்லை, அந்தப் பாறையிலேயே உட்கார்ந்தோம்.

"அவரோட இனிமே முடியாதுக்கா. போன வாரமே வெளிய வந்துட்டேன். ஃப்ரெண்ட் வீட்டு சோஃபாலதான் படுத்துக்கறேன்."

"கிளம்பி வா" என்றேன்.

"மாமா என்ன சொல்வாரோ?"

கேட்கலாம் என்று திரும்பினேன். இவ்வளவு நேரம் பின்னால் நின்றிருந்தவரைக் காணோம். தட்டுமுட்டுச் சாமான் அடைத்து வைத்திருந்த பின்னறையில் பீரோவைத் தரதரவென்று இழுக்கும் சத்தம் கேட்டது. இந்த முறையும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.