ஜன்னலுக்குக் கீழே மூன்று படகுகள்

நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் அண்ணன் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்; பட்டறைக்கு வருகிறவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. அண்ணன் மரத்தில் விமானம் செதுக்குவார், பாப்பா வர்ணம் பூசுவாள். கடலுக்கு மேல் ரோந்து சுற்றும் படை விமானங்களால்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. பணி ஓய்வு பெறுகிறவர்கள், தாங்கள் பறந்த விமானத்தை முழ நீளத்தில் செய்து வாங்கிப்போய்க் கூடத்தில் வைத்துக்கொள்வார்கள். நாலு விசிறி, வயிற்றில் ரேடார் குமிழ், வாலுக்குப் பின்னால் நீர்மூழ்கிகளை மோப்பம் பிடிக்கும் நீண்ட குச்சி. அண்ணி அந்தக் குச்சியைக் கொடுக்கு என்பாள். "குளவி மாதிரி இருக்கு. இதைப் போய் ஆசையா வாங்குறாங்களே!"

ஒரே விமானத்தில் பறந்த குழு ஒன்று ஆளுக்கொன்று கேட்டிருந்தது. எல்லாம் காய்ந்து தயாரானதும் அவர்களுடைய கேப்டன் பார்க்க வந்தார். கையில் வறுத்த கோழித் துண்டு. கடித்துக்கொண்டே இறக்கையைத் தடவினார். சாம்பல் வர்ணத்தில் எண்ணெய் விரல்கள் அப்படியே பதிந்தன. பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு துணியால் துடைத்தாள்.

"அம்சமா இருக்கும்மா. ஒண்ணே ஒண்ணு பாக்கி. ஓட்டுறவங்க ஜன்னலுக்குக் கீழ மூணு படகு வரைஞ்சுடு. சின்னதா, சிவப்புல."

பாப்பாவின் முகம் மலர்ந்தது. "காப்பாத்தின படகுங்களா சார்?"

கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே மென்ற கறி தெரிந்தது. "காப்பாத்துறதா! இதைப் பாரு" என்று செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

மேலிருந்து எடுத்த படம். கொள்ளாத கூட்டத்தோடு ஒரு படகு. யாரோ சட்டையைக் கழற்றி இரண்டு கையாலும் ஆட்டினார்கள். விமானம் தலையை உரசுகிற மாதிரி இறங்கியது. பயந்துபோன கூட்டம் மொத்தமாக ஒரு பக்கம் ஒதுங்க, படகு குப்புறக் கவிழ்ந்தது. படத்துக்குள்ளிருந்து விசில் சத்தமும் கைதட்டலும் கேட்டன.

"ஒரு குண்டு கூடச் சுடல. எல்லைக்குள்ள வராதேன்னா கேக்கணும்ல?" என்றபடி கேப்டன் மேஜையிலிருந்த அவளுடைய மெல்லிய தூரிகையை எடுத்து, காம்பால் பல்லைக் குத்தினார். குத்திவிட்டுத் திரும்ப டப்பாவிலேயே போட்டார்.

பாப்பா தூரிகை டப்பாவைத் தள்ளி வைத்தாள். அந்த இறக்கைகளைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் தேய்த்து வழவழப்பாக்கியது இதற்கா?

"நான் வரைய மாட்டேன் அண்ணா."

அண்ணன் அவளை ஓரமாக இழுத்துப்போனார். "மூணு கோடு இழுக்கறதுக்கு மூஞ்சிய ஏன் இப்படி வெச்சுக்கிற? நாமளா கவுத்தோம்?"

"அப்போ நீயே இழு."

அவர் இழுத்தார். உளி பிடித்துத் தடித்த விரல்களில் தூரிகை நிற்கவில்லை. படகு நத்தையாக வந்தது. கேப்டனுக்கு அதுவே போதும். "அட, பலே!" என்று முதுகில் தட்டினார். அண்ணன் வாயெல்லாம் பல்லாக நின்றார். கேப்டனின் சிரிப்பைவிட அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் பாப்பாவுக்குக் கூசியது.

குழுவினர் ஒவ்வொருவராக வந்து எடுத்துப்போனார்கள். கடைசியாக வந்த ஒல்லியான மனிதர், அண்ணன் உள்ளே போன நேரமாகப் பார்த்து, "கொஞ்சம் தின்னர் கிடைக்குமாம்மா? இந்தப் படகை அழிக்கணும்" என்று மெதுவாகக் கேட்டார்.

ஒருத்தராவது மனுஷர் இருக்கிறாரே என்று பாப்பா ஓடிப்போய்ப் பாட்டிலும் துணியும் கொண்டுவந்தாள். அவர் துடைக்கத் தொடங்கினார்.

"உங்களுக்கும் மனசு ஒப்பலையா சார்?"

"அதில்லம்மா. வீட்ல பேத்தி இருக்கா. இது என்ன தாத்தான்னு நச்சரிப்பா."

"அன்னைக்கு நீங்களும் மேல இருந்தீங்களா?"

"ரேடியோ என்கிட்டதான்."

"தண்ணியில ஆளுங்க கிடக்குறாங்கன்னு யாருக்காவது சொன்னீங்களா?"

அவர் துணியை மடித்து, சுத்தமான பக்கத்தால் துடைத்தார். "கேப்டன் வேணாம்னார்."

பாப்பா பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கினாள். ஒரு படகு போயிருந்தது, இரண்டு மிச்சம். "பேத்தி கேக்கட்டும் சார். நீங்க பதில் சொல்லுங்க."

சத்தம் கேட்டு அண்ணன் ஓடிவந்தார். நடந்ததைக் கேட்டு, "அவ கெடக்குறா, மன்னிச்சுக்குங்க சார்" என்று குழைந்தார். தன் கையால் வரைந்த மிச்சப் படகுகளைத் தானே துடைத்தார். மேலே சாம்பல் வர்ணமும் பூசினார். "பாருங்க சார், புத்தம் புதுசு!"

வரையச் சொன்னால் வரைகிற கை, அழிக்கச் சொன்னால் அழிக்கிற கை. தன்னைத் தூக்கி வளர்த்த கை அது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மேலங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே நடந்தாள்.

இப்போது கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறாள். அண்ணன் ஆள்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார், போகவில்லை. போன வாரம் அவள் தனியாகத் தங்கியிருக்கும் வீட்டுக்கு அண்ணியே வந்தாள்.

"கூடப்பிறந்தவர்கிட்ட இவ்வளவு வீம்பா?"

"வீம்பு இல்ல அண்ணி. அங்க நுழைஞ்சா வாந்தி வரும்" என்ற பாப்பா, தட்டைக் கழுவி அண்ணியின் முன்னால் வைத்தாள். "நீங்க சாப்பிடுங்க."