பீடத்தில் வைத்த குரல்

சீருடை தைக்கும் கம்பெனியில் காஜா மெஷின் ஓட்டியதால் அவளுக்குக் காஜாக்கா என்ற பெயரே நிலைத்துவிட்டது. சட்டையில் பொத்தான் நுழையத் துளை போடுவது அவள் வேலை. மற்ற பெண்கள் மெஷின் இரைச்சலோடு சேர்ந்து பாடுவார்கள். அவள் பாடியதே இல்லை. "எல்லாத்துக்கும் ஓட்டை போடுற அக்கா, தன் வாயை மட்டும் தச்சு வச்சிருக்கு" என்று சிரிப்பார்கள்.

இருபத்துநாலு வயதில் அவள் சபைப் பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்றவள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சனம் அவளைச் சூழ்ந்துகொண்டது. போதகர் அவளைத் தனியாக அழைத்தார்.

"இன்னிக்கு எல்லாரும் ஆண்டவரைப் பாக்கலம்மா, உன்னைத்தான் பாத்தாங்க. உனக்கு எது உசுரோ அதை விட்டுடு, ஆண்டவர் பீடத்துல காணிக்கையா வச்சிடு."

"எத்தனை நாளைக்குங்கய்யா?"

"அவரே திருப்பிக் குடுக்குற வரைக்கும்."

வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தாள். மறுநாள் குழுவிலிருந்து விலகினாள். வீட்டிலும் பாடுவதை நிறுத்தினாள். பஸ் டிரைவரான அவள் கணவன், பாட்டைக் கேட்டுத்தான் அவளைப் பெண் கேட்டு வந்தவன். "நான் யாருகிட்ட போய் நியாயம் கேக்குறது?" என்றான். மகள் பிறந்தபோது தாலாட்டுக்குப் பதிலாக முதுகைத் தட்டியே தூங்கவைத்தாள்.

போகப் போக அது பழகிப்போனது. குழுவில் யாராவது சுருதி தப்பினால், கண்களை மூடிக்கொண்டு, தான் கொடுத்ததை இவர்களில் யாரும் கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்வாள். அதுவும் பெருமைதான் என்று அவளுக்குத் தெரியாமலில்லை.

முப்பது வருடம் கழித்துக் கணவனுக்குச் சிறுநீரகம் பழுதானது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு பாட்டுடி" என்றான்.

அவள் பாட்டுப் புத்தகத்தை எடுத்து வரிகளை வாசித்தாள்.

"வாசிக்கவா சொன்னேன்?" என்று அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். மூன்றாம் நாள் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து இரண்டு மாதத்தில், அந்தப் போதகர் ஒரு முதியோர் இல்லத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனாள். தான் செய்தது சரிதான் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது.

அவருக்கு நினைவு தெளிவாகவே இருந்தது. அவள் கல்யாணத்தன்று மழை பெய்ததைச் சொன்னார். கணவனின் பஸ் எந்த வழித்தடம் என்றுகூடச் சொன்னார். அவள் பாட்டை விட்டதைச் சொன்னபோதுதான் நெற்றியைச் சுருக்கினார்.

"நானா சொன்னேன்?"

"நீங்கதாங்கய்யா. ஆராதனை முடிஞ்சு, உள் அறையில."

"சொல்லியிருப்பேன். அந்த வயசுல எல்லார்கிட்டயும் எதையாவது விடச் சொல்லிட்டு இருந்தேன். பொருளாளரைக் காபியை விடச் சொன்னேன், அவரு மறுவாரமே குடிச்சுட்டாரு." சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "நீ இன்னுமா...?"

அவள் ஆம் என்று தலையசைத்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "ஒரு மாசம், ரெண்டு மாசம்னு நெனச்சிருப்பேம்மா. நீ திரும்ப வந்து கேட்டிருக்கலாமே."

"கேக்குறது கீழ்ப்படியாமைன்னு நெனச்சேன்."

"இப்ப பாடும்மா. நான் சொல்றேன், பாடு."

அவள் வாயைத் திறந்தாள். முதல் வரியிலேயே குரல் பிளந்தது. அடுத்த வரியில் காற்றுதான் வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். போதகர் முகத்தை மூடிக்கொண்டு, "மன்னிச்சிடு" என்றார். மன்னித்தேன் என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னாள். உள்ளே எதுவும் அசையவில்லை.

இரவு மகள் போன் செய்தாள். நடந்ததைக் கேட்டு, "அவருக்கு ஞாபகமே இல்லையா? அப்ப அப்பா கேட்டது?" என்று கத்தினாள். பிறகு அழுதாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

காஜாக்கா கட்டிலருகே முழங்காலிட்டாள். "நீங்க கேட்டீங்களா ஆண்டவரே? இல்ல, நானா குடுத்தேனா?" என்றாள். அவர் கேட்கவே இல்லையென்றால், இத்தனை வருடம் அவள் கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்? காத்திருந்தாள். முழங்கால் மரத்துப்போனது. ஆமென் சொல்லாமலே எழுந்து, மறுநாள் வேலைக்குக் கட்ட வேண்டிய சேலையை மடித்து நாற்காலியில் வைத்தாள்.