தலையணைத் தூசியும் விண்வெளிப் பெண்ணும்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, தங்கையிடமிருந்து சுட்டேன். அவள் படத்தொகுப்பாளர். ‘அண்டம் அவளை விழுங்கிய அந்தக் கணத்தில்...’ என்று தொடங்கிப் பார்த்தேன். (படித்துவிட்டு, “அண்ணா, கொஞ்சம் அடக்கி வாசி” என்றாள். அடித்துவிட்டேன்.)

2

விஷயம் இதுதான். அவள் தொகுத்துக்கொண்டிருந்த படத்தில் ஒரு பெண் விண்வெளியில் வழிதவறிப் போகிறாள். கடைசியில் நட்சத்திர மண்டலம் வர வேண்டும். கிராபிக்ஸ் வந்து சேரவில்லை. இடத்தை நிரப்ப, அம்மா அனுப்பியிருந்த செல்போன் வீடியோவை ஒட்டிவைத்தாள். அப்பா தலையணையைத் தட்டுகிறார். அவர் தெரியமாட்டார், ஜன்னல் வெயிலில் தூசி மட்டும் மினுங்கும், முடிவில் அவர் இருமுவது கேட்கும். ‘உங்கப்பா வீட்டு வேலை செய்யறார், அதிசயம் பாரு’ என்பது அம்மாவின் குறிப்பு.

இயக்குநர் பார்ப்பதற்குள் அதை எடுத்திருக்க வேண்டும். மறந்துவிட்டாள். மனுஷர் சொக்கிப்போய்விட்டார். பிறகு வந்த கிராபிக்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

(அப்பாவைப் பற்றி: அவள் சினிமா வேலைக்குப் போன நாளிலிருந்து அவளோடு பேசுவதில்லை. அவரைக் கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அம்மா அவளோடு போனில் பேசும்போது பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்கிற ஆள் அவர்.)

3

இயக்குநரோடு சண்டை இருமலில் வந்தது.

“இருமல் வேணாம்மா. அது கேட்டா அவ வீடு வந்துட்டான்னு ஆயிடும்.”

“வரட்டுமே சார்! வந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?”

கடைசியில், இருமுவதற்கு முன் அப்பா மூச்சை இழுக்கிறாரே, அந்த இடத்தில் வெட்டினாள். அது அந்தப் பெண் வீட்டில் இழுக்கும் முதல் மூச்சாகவும் இருக்கலாம், விண்வெளியில் இழுக்கும் கடைசி மூச்சாகவும் இருக்கலாம். யார் கேட்டாலும் பதில் சொல்வதில்லை என்று இருவரும் சத்தியம் செய்துகொண்டார்கள்.

4

படக்குழுவின் குடும்பங்களுக்குப் படம் போட்டுக் காட்டிய அன்று அம்மா அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தாள்.

[ஒரு முடிவு: அரங்கத்து இருட்டில் அப்பா நிஜமாகவே இருமுகிறார். அடச்சே, சினிமாத்தனம்.]

[இன்னொன்று: தூசியைப் பார்த்ததும், ‘இது என் தலையணையாச்சே’ என்று அப்பா... வேண்டாம். அவருக்குத் தெரியவே இல்லை.]

நடந்தது இது. விளக்கு எரிந்ததும் அப்பா நேராக அவளிடம் போனார். கண் கலங்கியிருந்தது.

“அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்துட்டாளாம்மா?”

அவருக்குப் பின்னால் நின்று இயக்குநர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தங்கை வாயைத் திறந்தாள்.

இங்கே நான் வெட்டுகிறேன். சத்தியம் செய்தது அவள்தான், நீங்கள் இல்லையே. அப்பா காத்துக்கொண்டு நிற்கிறார், சீக்கிரம் சொல்லுங்கள்.