எடைப் பிரிவு இல்லாத போட்டி

பிரிசில்லாவின் எடை ஐம்பத்தொரு கிலோ. ஜெரோமின் எடை நூற்றெட்டு. செங்கல்பட்டில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் நடக்கும் ஜூடோ கிளப்பில் நாலு வருஷமாக இவர்கள் இருவரும்தான் ஜோடி. வேறு பெண்கள் யாரும் ஒரு மாசத்துக்கு மேல் நிலைக்காததால், மாஸ்டர் சிவப்பிரகாசம் அவளை அவனோடு சேர்த்துவிட்டார். "ஆளப் பாத்து பயப்படாதம்மா. தங்கமான புள்ள" என்றார்.

தங்கமான பிள்ளைதான். அதுவே ஆரம்பத்தில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவளைக் கீழே தள்ளி மேலே விழும்போதெல்லாம், பாரம் அவள்மேல் இறங்கிவிடக் கூடாதென்று முழங்கையையும் முட்டியையும் மெத்தையில் ஊன்றிக்கொண்டு, பாலத்துத் தூண்மாதிரி நிற்பான். ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா பண்ணிகினு இருக்க? வெயிட்ட எறக்கு. வெளிய எவனாச்சும் என்னப் புடிச்சா முட்டி ஊனிகினா நிப்பான்?"

"நசுங்கிடுவ."

"நசுங்கிட்டுப் போறேன். நீ எனக்கு விட்டுக்குடுக்காத, நான் உனக்கு விட்டுக்குடுக்க மாட்டேன். சரியா?"

சரி என்றான். அன்றைக்கு அவன் முழுப் பாரத்தையும் இறக்கியபோது அவளுக்கு விலா எலும்பு உள்ளே போய்விட்டதுபோல் இருந்தது. மூச்சு வரவில்லை. ஆனால் அன்றிலிருந்துதான் அவள் கற்றுக்கொண்டாள். பெரிய ஆளுக்குக் கீழே மல்லாந்து படுத்தால் கதை முடிந்தது. ஒருக்களித்துத்தான் கிடக்க வேண்டும். முழங்கை விலாவை விட்டு வெளியே போகவே கூடாது. அவன் நெஞ்சுக்கும் தன் நெஞ்சுக்கும் நடுவே அதையும் முழங்காலையும் முட்டுக் கொடுத்து, ஒரு சாண் இடத்தையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அவனைத் தூக்கிப் போட நினைப்பது வீண் வேலை. அவன் தள்ளினால் அந்தப் பக்கமே இழுக்க வேண்டும், இழுத்தால் கூடவே போக வேண்டும். நடக்கவிட்டு, எழவிட்டு, மூச்சு வாங்க வைக்க வேண்டும். பிறகு எப்படியாவது முதுகுப் பக்கம் போய்விட வேண்டும். முதுகில் ஒட்டிக்கொண்டவளை நூற்றெட்டு கிலோவும் ஒன்றும் செய்ய முடியாது.

இதில் பாதியை அவளுக்குக் கண்டுபிடித்துச் சொன்னவனே ஜெரோம்தான். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் தண்ணீர் பாட்டிலோடு சுவரில் சாய்ந்துகொண்டு, "இப்ப கடைசியா ஒன்னு பண்ணியே, அது எனக்கு செம பேஜாரா இருந்துச்சு. அதையே பண்ணு" என்பான். தன்னை எப்படித் தோற்கடிப்பது என்று ஒருத்தன் இவ்வளவு ஆசையாகச் சொல்லித் தருவானா என்று அவளுக்கு வியப்பாக இருக்கும். அந்த வியப்புதான் மெல்ல மெல்ல வேறொன்றாக ஆனது. அவளுக்கு மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் செக்கிங் வேலை. அவன் அதே ஊரில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். ஜனவரியில் சர்ச்சில் நிச்சயம் நடந்தது. மே மாசம் கல்யாணம்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளப்புக்கு ஆள் சேர்ப்பதற்காக மாஸ்டர் மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு போட்டி வைத்தார். எடைப் பிரிவு கிடையாது. எட்டுப் பேர், சீட்டுக் குலுக்கிப் போட்டு ஜோடி. பிரிசில்லா இரண்டு பேரை ஜெயித்தாள். ஜெரோமும் இரண்டு பேரை ஜெயித்தான். கடைசியில் மணல் வட்டத்துக்குள் இவர்கள் இருவரும் எதிரெதிரே வந்து நின்றபோது, கோயில் பார்க்க வந்த கூட்டமெல்லாம் சிரித்துக்கொண்டே சுற்றி நின்றது. ஜெரோமின் அம்மா ராஜமும் தாய்மாமன் ஏசுபாதமும் வந்திருந்தார்கள். குடோன் நண்பர்களும் ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

"விட்டுக்குடுக்க மாட்டேன்டி" என்றான் அவன், கண்ணைச் சிமிட்டி.

"குடுத்தா கொன்னுடுவேன்."

மணல் அவளுக்கு உதவியது. அவன் கால் ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால்வரை புதைந்தது. அவள் பிடி கொடுக்காமல் சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாவது நிமிஷம் அவன் அவள் சட்டைக் காலரை எட்டிப் பிடித்து, சாய்த்து மேலே விழுந்தான். கூட்டம் 'ஐயோ' என்றது. அவள் ஒருக்களித்துவிட்டாள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, முன்கை அவன் கழுத்தோரம் முட்டுக் கொடுத்து நின்றது. வாய் முழுக்க மணல். அவள் அவனைத் தள்ளவில்லை; காத்திருந்தாள். அவன் பொறுமை இழந்து அவள் கையைப் பிடிக்க ஒரு கையை நீட்டிய நொடியில், அந்தக் கைக்கு அடியிலேயே நுழைந்து முதுகுக்குப் போய்விட்டாள்.

அவன் அவளைச் சுமந்துகொண்டே எழுந்தான். பள்ளிக்கூடப் பைபோல் அவள் முதுகில் தொங்க, நாலு அடி நடந்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு அவன் முட்டி மடங்கியது. அவள் கை அவன் கழுத்தைச் சுற்றி இறுகியிருந்தது. தோல்வியை ஒப்புக்கொள்ள எதிராளியின் கையை இரண்டு தட்டுத் தட்டினால் போதும். அவன் தட்டவில்லை. அவள் காத்திருந்தாள். திடீரென்று அவன் உடம்பு தொளதொளவென்று ஆனது. அந்த நொடியே கையை எடுத்துவிட்டாள்.

"ஜெரோம்!"

மயங்கி மணலில் குப்புறக் கிடந்தவனைப் புரட்டி, மாஸ்டர் காலைத் தூக்கிப் பிடித்தார். அவன் வாய் திறந்து குறட்டை விட்டான். நாலைந்து நொடிதான். கண் விழித்து, "இன்னா ஆச்சு?" என்றான்.

"தூங்கிட்ட" என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு.

அவன் சிரித்தான். அவனே எழுந்து அவள் கையைப் பிடித்து உயரத் தூக்கிக் காட்டினான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் கையை விடவில்லை.

செவ்வாய்க்கிழமை கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி போனை நீட்டினாள். யாரோ எடுத்த வீடியோ. அந்தக் குறட்டையை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அவர்கள் நிச்சயதார்த்தப் படத்தையும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தார்கள். 'கல்யாணத்துக்கு அப்புறம் இவன் நிலைமை' என்று எழுதியிருந்தது. லட்சக்கணக்கில் பார்த்திருந்தார்கள். கீழே எழுதியிருந்ததைப் பாதி படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

குடோனில் அவன் ஃபோர்க்லிஃப்டில் ஏறி உட்கார்ந்தால் எங்கிருந்தாவது ஒரு குறட்டைச் சத்தம் வருமாம். முதல் வாரம் சிரித்துக்கொண்டே சொன்னான். இரண்டாம் வாரம் சொல்வதை நிறுத்தினான். பிறகு கிளப்புக்கு வருவதையும் நிறுத்தினான். ராஜம் போன் செய்தாள்.

"கட்டிக்கப் போறவன்ம்மா அவன். ஊரு முன்னாடி கொஞ்சம் விட்டுப் புடிக்கக் கூடாதா?"

"அத்தை, அவுரு விட்டுக்குடுக்காதன்னு..."

"அவன் ஆயிரம் சொல்லுவான். உனக்கு எங்க போச்சு புத்தி?"

அந்த வீடியோவை பிரிசில்லா எத்தனை தடவை பார்த்தாளோ கணக்கில்லை. குறட்டை வரும் இடத்தை அவள் பார்க்கமாட்டாள். அதற்கு முந்தைய ஒரே ஒரு நொடி. மடங்கிய முட்டியோடு அவன் இருக்கிறான். அவன் வலது கை மேலே வருகிறது, அவள் மணிக்கட்டுவரை வருகிறது, தட்டப்போகிறது. தட்டாமல் நிற்கிறது. விரல்கள் மூடிக்கொள்கின்றன. முதுகில் இருந்தவளுக்கு அன்றைக்கு அது தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து அவனே கூப்பிட்டான். "வெள்ளிக்கெழம காலைல கிளப்புக்கு வா. இன்னொரு தடவ போடலாம்."

"எதுக்கு?"

"மாமா வீடியோ எடுக்குறன்றாரு. அதப் போட்டா வாய மூடுவானுங்களாம்." சற்று நிறுத்தி, "நெஜமா போடணும் பிரிசி" என்றான்.

வெள்ளிக்கிழமை அவள் அரை நாள் பர்மிஷன் போட்டாள். பரனூர் ரயில்வே கேட்டில் வண்டிக்காகக் காத்துநின்ற அந்தப் பத்து நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டாள். நாலு வருஷம் சொன்ன சொல் பெரிதா, இவன் பெரிதா என்று கேட்டுக்கொண்டாள். இவன்தான்.

ஏசுபாதம் மாமா போனோடு மூலையில் நின்றார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் அவளைச் சாய்த்து மேலே விழுந்தான். அவள் மல்லாந்து படுத்தாள். முழங்கையை விலாவை விட்டு எடுத்துத் தள்ளி வைத்தாள். நூற்றெட்டு கிலோவும் முழுசாக வந்து அவள்மேல் இறங்கியது. கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே அவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"சூப்பர்ரா மாப்ள!" என்றார் மாமா.

ஜெரோம் எழுந்து உட்கார்ந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. "மாமா, கீழ போய் டீ குடிச்சிகினு இரு" என்றான். அவர் செருப்புச் சத்தம் படியில் இறங்கி மறைந்ததும் அவள் பக்கம் திரும்பினான்.

"உன் முழங்கை எங்க இருந்துச்சு?"

"மாட்டிக்கிச்சு."

"மாட்டல. நீயா எடுத்து வெளிய வச்ச. மல்லாந்து படுத்த. நாலு வருஷத்துல நீ அப்டி படுத்து நான் பாத்ததில்ல."

அவள் எழுந்து உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"ஊரே சிரிச்சுது. நீ ஒருத்தி என்னப் பாத்து சிரிக்கல, அது போதும்னு நெனச்சிகினு இருந்தேன். இப்ப நீயே பாவம்னு போட்டுட்டியே."

"பாவம்னு இல்ல ஜெரோம். இதவிட எனக்கு நீ முக்கியம்னு... சரி, நான் நெஜமா போட்டு, இன்னிக்கும் ஜெயிச்சிருந்தா? இன்னா பண்ணிருப்ப?"

அவன் மெத்தையின் ஓரத்தை நகத்தால் கீறினான். "தெர்ல" என்றான். "நெஜமா தெர்ல."

"அன்னிக்கு ஏன் தட்டல? கையத் தூக்கின. என் கை கிட்ட வரைக்கும் வந்துச்சு. வீடியோல பாத்தேன்."

"நீ விட்டுடுவன்னு நெனச்சேன்."

தட்டாமலே அவளாக விடட்டும் என்று காத்திருந்திருக்கிறான்.

"நீ தட்டியிருந்தா விட்டிருப்பேனே" என்றாள்.

"தெரியும்" என்றான் ஜெரோம்.

அவன் அழுதானா என்று அவளுக்குத் தெரியாது. டவலை முகத்தில் வைத்திருந்தான். மாமா எடுத்த வீடியோவை அவனே அழித்துவிட்டான் என்பது பின்னால் தெரிந்தது. அது எங்கும் வரவில்லை.

அடுத்த வாரம் ராஜமும் ஏசுபாதமும் போதகரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஜெரோம் வரவில்லை. பையனுக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம், ஒரகடம் குடோனுக்கு மாற்றல் கேட்டிருக்கிறானாம். போதகர் ஒரு சின்ன ஜெபம் செய்தார். பிரிசில்லா மோதிரத்தைக் கழற்றினாள். நாலு வருஷம் பிடி பிடித்துத் தடித்த விரல். முட்டியில் மாட்டிக்கொண்டு வரவில்லை. சமையலறைக்குப் போய் சோப்புப் போட்டுக் கழற்றி, துடைத்து, ராஜத்தின் கையில் கொடுத்தாள். வாங்கும்போது ராஜத்தின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அவர்கள் போனபிறகு அம்மா எல்லம்மாள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். திட்டவில்லை. "கொஞ்சம் விட்டுக்குடுத்திருக்கலாமேடி" என்றாள்.

"குடுத்தேம்மா" என்றாள் பிரிசில்லா.

அம்மாவுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தாள்.

மே மாசம் வந்தது. இரண்டாம் வாரம் திங்கட்கிழமை அவள் வழக்கம்போல் செக்கிங் டேபிளில் உட்கார்ந்து, முதல் டிரேயை இழுத்து வைத்துக்கொண்டாள். அந்த ஷிஃப்டுக்குப் புதிதாக வந்திருந்த சூப்பர்வைசர் ஜானகிராமன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தார்.

"இன்னாம்மா, உனக்கு இன்னிலேர்ந்து பத்து நாள் லீவுன்னு காட்டுது. கல்யாணம்னு போட்டு கீது. நீ இங்க ஒக்காந்துகினு இருக்க?"

ஜனவரியில் போட்ட லீவு. அதை ரத்து செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"கேன்சல் பண்ணிடுங்க சார்" என்றாள்.

"லீவையா?" என்று கேட்டவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையை ஆட்டினார். "சரிம்மா, சரிம்மா. பண்ணிடுறேன்."

மதியம்வரை நானூறு பீஸ் பார்த்தாள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. கேன்டீனில் வரிசையில் நின்று தட்டை நீட்டினாள். சாதம் போடும் பவானி அக்கா, "வச்சுக்கோ, இன்னும் கொஞ்சம்" என்று கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தாள். அவ்வளவுதான். பிரிசில்லாவுக்கு உடம்பெல்லாம் குலுங்கியது. தட்டு கையில் ஆடியது, ரசம் வழிந்து முழங்கைவரை ஓடியது. பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். பவானி அக்கா கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்து, அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள்.